சாக்லேட்டும் டிகாஷனும்: வீட்டு விசேஷத்துக்கு எந்த டெசர்ட் பண்ணலாம்?

போன மாசம் திருச்சியில இருந்து சித்தி பொண்ணு போன் பண்ணினா. சித்தி சித்தப்பாவுக்கு கல்யாணம் ஆகி 25 வருஷம் ஆகப்போகுது, வீட்டோட 14 பேர், சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு, ஆனா கடைசியில வர்ற ஸ்வீட் மட்டும் நான் என் கையால பண்ணணும்க்கா, ரெண்டு பேரும் காபி பைத்தியம், அதனால சாக்லேட்டும் காபியும் சேர்ந்த மாதிரி, பாக்கவும் அழகா, ஹோட்டல்ல வெக்கிற மாதிரி ஒண்ணு வேணும், எதைப் பண்ணட்டும்னு கேட்டா. வீட்ல ஓவன் கிடையாது. ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜ். பாட்டி முட்டை தொடமாட்டாங்க. மே மாசம், திருச்சி வெயில். பெரியப்பாவுக்கு சுகர் வேற.

நான் இந்த சாக்லேட் காபி ஐட்டங்களை மூணு நாலு வருஷமா வீட்ல மாத்தி மாத்தி பண்ணிட்டு இருக்கேன், அதனால அவகிட்ட போன்ல ஒரு மணி நேரம் பேசினதை இங்க எழுதி வெக்கறேன், இதே குழப்பத்துல இருக்குறவங்களுக்கு உதவும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எந்த டெசர்ட்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி காபியையும் சாக்லேட்டையும் சரி பண்ணிக்கணும், ஏன்னா இந்த ரெண்டும் சுமாரா இருந்தா மேல என்ன அலங்காரம் பண்ணினாலும் ஒண்ணும் எடுபடாது. நிறைய வீடியோல இன்ஸ்டன்ட் காபித்தூள் ஒரு ஸ்பூன் சுடுதண்ணியில கரைச்சு ஊத்துங்கன்னு சொல்றாங்க. நம்ம வீட்ல ஃபில்டர் இருக்கும்போது அது எதுக்கு? வெளிநாட்டுல இதுக்காக எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கி வெச்சிருக்காங்க, நமக்கு தினமும் காலையில சொட்டு சொட்டா இறங்குற முதல் டிகாஷன் இருக்கே, அந்த வாசனை இன்ஸ்டன்ட்ல எப்பவும் வராது. 30 கிராம் பொடி போட்டு நல்லா கொதிச்ச தண்ணி 150 மில்லி ஊத்தினா, பொடியே 60 மில்லி கிட்ட குடிச்சுரும், கீழ 90 மில்லி இறங்கும், அந்த 90தான் நமக்கு வேணும். ரெண்டாவது டிகாஷன் வேண்டாம், அது தண்ணியையும் கசப்பையும்தான் கொண்டுவரும்.

பொடி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பாக்கெட்ல காபி எவ்வளவு சிக்கரி எவ்வளவுன்னு போட்டிருக்கும், கலப்புப் பொடியில காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாதுங்கறதுதான் சட்டம், அப்படின்னா 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி இருக்கலாம்னு அர்த்தம். பால் ஊத்தி சக்கரை போட்டு குடிக்கும்போது அந்த சிக்கரி டிகாஷனுக்கு நல்ல கலரும் கெட்டியும் குடுக்கும், நானும் வீட்ல 80:20தான் குடிக்கறேன். ஆனா டார்க் சாக்லேட் கூட சேரும்போது சாக்லேட்டோட கசப்பும் சிக்கரியோட கசப்பும் ஒண்ணாகி நாக்கோட பின்னாடி ரொம்ப நேரம் நிக்கும். அதனால டெசர்ட்டுக்குன்னு 100 கிராம் சுத்தமான காபிப்பொடி, பீபெரியோ பிளான்டேஷனோ எதுன்னாலும் சரி, தனியா அரைச்சு வாங்கிக்கோங்க. காபிக்கடையில சிக்கரி இல்லாமன்னு சொன்னாலே குடுத்துருவாங்க.

சாக்லேட்டுக்கு வருவோம். கவரைத் திருப்பி என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு படிங்க. கோகோ பட்டர்னு, அதாவது கோகோக் கொட்டையோட கொழுப்புன்னு இருந்தா அது சாக்லேட். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்னு இருந்தா அது காம்பவுண்ட், கேக் சாமான் கடையில பெரிய பெரிய பாளமா விக்கறது பெரும்பாலும் அதுதான், வெயில்ல சீக்கிரம் உருகாது, விலையும் கம்மி, கேக் மேல ஊத்த, அச்சுல வார்க்க அது போதும். ஆனா ஸ்பூன்ல எடுத்து சாப்பிடுற டெசர்ட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். கோகோ பட்டர் 34 டிகிரி கிட்ட உருகும், நம்ம வாய் 37 டிகிரி, அதனாலதான் நல்ல சாக்லேட் நாக்குல வெச்ச உடனே கரையுது. காம்பவுண்ட் கொழுப்பு பல வகையில அதுக்கு மேலதான் உருகும், மேல் அண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டிட்டு நிக்கும். கோகோ எங்கயோ தூரத்துல விளையற சமாச்சாரம்னும் நினைக்காதீங்க, பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா கோகோ போடறாங்க, அந்தக் கொட்டையை வெச்சே சாக்லேட் பண்றவங்களும் இருக்காங்க. கிடைச்சா வாங்கிப் பாருங்க, கொஞ்சம் பழப்புளிப்பு இருக்கும், காபியோட ரொம்ப அழகா சேரும். கிடைக்கலன்னா சூப்பர் மார்க்கெட்ல வர்ற, கோகோ 55 சதவீதம் இருக்குற சாக்லேட்டும் 75 சதவீதம் இருக்குறதும் பாதிக்குப் பாதி கலந்தா 65 ஆயிரும், அது போதும்.

இப்போ எதைப் பண்றதுங்கறது.

காபின்னதும் எல்லாருக்கும் முதல்ல தோணுறது திராமிசுதான், அவளும் அதைத்தான் கேட்டா. இத்தாலியில வெனிஸுக்குப் பக்கத்துல திரெவிசோன்னு ஒரு ஊர், அங்க லெ பெக்கெரியேங்கற ரெஸ்டாரன்ட்ல 1970களோட ஆரம்பத்துல மெனுவுக்கு வந்ததுன்னு சொல்றாங்க, நாங்கதான் முதல்ல பண்ணினோம்னு சொல்றவங்க வேற ஊர்லயும் இருக்காங்க. பேருக்கு அர்த்தம் "என்னைத் தூக்கி விடு"ங்கற மாதிரி. சோர்ந்து போயிருக்கும்போது சாப்பிட்டா தெம்பு வரும்னு. இதுல மது ஊத்தணுமேன்னு நிறைய பேர் தயங்கறாங்க, தயங்கவே வேண்டாம், அந்த திரெவிசோ ரெசிபியில மதுவே கிடையாது. காபி, முட்டை மஞ்சக்கரு, சக்கரை, மஸ்கார்போனேங்கற க்ரீம் மாதிரி சீஸ், சவோயார்டிங்கற விரல் நீள ஸ்பாஞ்ச் பிஸ்கட், மேல கோகோ பவுடர், அவ்வளவுதான்.

ருசியில குறை சொல்ல முடியாது. பிரச்சினை வேற இடத்துல. ஒண்ணு, அந்த சீஸ். சின்ன ஊர்ல தேடி அலையணும், கிடைச்சாலும் விலை ஜாஸ்தி, 14 பேருக்குன்னா ரெண்டு மூணு டப்பா வேணும். வீட்லயே க்ரீமை சூடு பண்ணி எலுமிச்சை விட்டு துணியில வடிகட்டலாம், ஆனா டெட்ரா பேக்ல வர்ற, கொழுப்பு 25 சதவீதமே இருக்குற க்ரீம்ல பண்ணினா இளகலாத்தான் வருது, கெட்டியா நிக்க மாட்டேங்குது. ரெண்டு, முட்டை. பச்சை மஞ்சக்கருவை அப்படியே அடிச்சு சேர்க்குற முறை நம்ம ஊர் வெயிலுக்கு, வயசானவங்க குழந்தைங்க இருக்குற வீட்டுக்கு நான் சொல்லவே மாட்டேன், சால்மொனெல்லாங்கற கிருமி பயம் நிஜமானது. கொதிக்கிற தண்ணிக்கு மேல பாத்திரம் வெச்சு சக்கரையோட 70 டிகிரி தாண்டுற வரைக்கும் அடிச்சு சேர்க்கலாம், ஆனா பாட்டிக்கு அதுவும் ஆகாது. முட்டை இல்லாம வெறும் க்ரீமும் சீஸும் வெச்சு பண்றாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் கனமா இருக்கும், விருந்து சாப்பாடு சாப்பிட்ட வயித்துக்கு அது ஒரு பாரம். பிஸ்கட் கிடைக்கலன்னா ஏலக்காய் போடாத வெறும் ரஸ்க் வேலைக்கு ஆகும், சவோயார்டியை ஒரு செகண்ட் முக்கி எடுக்கணும்னா ரஸ்க்கை மூணு நாலு செகண்ட் முக்கணும், கூட போனா கூழாயிரும்.

என் மனசுல இருக்குற இன்னொரு குறை, இதுல சாக்லேட் எங்க? மேல தூவின கோகோ பவுடர் மட்டும்தான். இது காபி டெசர்ட், சாக்லேட் வாசலோட நின்னுருது. சாக்லேட்டும் வேணும் காபியும் வேணும்னு கேக்குறவங்களுக்கு இது பாதி பதில்தான். ஆனா ஒரு பெரிய நல்ல விஷயம், முந்தின நாளே பண்ணி வெச்சாகணும், ஆறு மணி நேரமாவது ஃப்ரிட்ஜ்ல ஊறினாதான் பிஸ்கட்டும் க்ரீமும் ஒண்ணாகும், அதனால விசேஷத்தன்னிக்கு வேலையே இல்ல. பெரிய ஃப்ரிட்ஜ் இருந்து, முட்டை பிரச்சினை இல்லாம, சீஸ் கிடைக்குற ஊர்ல இருந்தா தாராளமா பண்ணுங்க.

அடுத்தது ஓப்பேரா கேக். இதைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பாரிஸ்ல தலுவாயோங்கற பழைய கடையோட பேரோட சேர்த்துச் சொல்ற கேக், காபி சிரப்ல ஊறின பாதாம் ஸ்பாஞ்ச், காபி பட்டர் க்ரீம், சாக்லேட்டும் க்ரீமும் கலந்த கனாஷ்னு அடுக்கடுக்கா, வெட்டினா கோடு போட்ட மாதிரி நிக்கும். சாக்லேட் காபி சேர்ற விஷயத்துல இதை விட அழகான ஒண்ணு கிடையாதுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஓவன் வேணும், ரெண்டு நாள் வேணும், மே மாசத்துல ஏசி ரூம் வேணும். நான் ஒரு தடவை ஏப்ரல்ல பண்ணினேன், மூணாவது அடுக்கு வெக்கிறதுக்குள்ள பட்டர் க்ரீம் பக்கவாட்டுல வழிஞ்சு இறங்கிருச்சு, வெண்ணெய் 30 டிகிரி தாண்டினாலே தளர்ந்துரும், நம்ம கிச்சன் சாதாரணமாவே 35. மார்கழி தை மாசத்துல நேரம் இருந்தா முயற்சி பண்ணுங்க, இல்லன்னா நல்ல பேக்கரியில ஆர்டர் குடுங்க.

பன்னா கோட்டா கேக்குறவங்களும் இருக்காங்க, க்ரீமும் பாலும் காய்ச்சி ஜெலட்டின் போட்டு உறைய வெக்கிறது. ஜெலட்டின் மாட்டு எலும்பு, பன்னித் தோல்ல இருந்து எடுக்குறது, சைவம் சாப்பிடுறவங்களுக்கு சொல்லாம குடுத்துராதீங்க, இது ரொம்ப முக்கியம். அதுக்கு பதிலா சைனா கிராஸ் போடலாம்னு சொல்லுவாங்க, கடல்பாசிதான், உறையும், ஆனா ஜெலட்டின் வாய்ச் சூட்டுல கரையும், சைனா கிராஸ் கரையணும்னா 85 டிகிரி சூடு வேணும், அதனால வாயில கரையாம துண்டு துண்டா உடையும். நோன்பு நேரத்துல பண்ற கடல்பாசிக்கு அந்த உடைசல்தான் அழகு, அதுக்கு அது பொருந்தும், இங்க பட்டு மாதிரி வழுக்கணும், பொருந்தல. நான் இதை விட்டுட்டேன்.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு, நிறைய பேர் கண்டுக்காத ஒண்ணு, போ தெ க்ரெம். பிரெஞ்சுக்காரங்க சின்ன மூடி போட்ட கிண்ணத்துல பண்ற கஸ்டர்ட். ஓவன்ல தண்ணித் தட்டுக்குள்ள வெச்சு வேக வெப்பாங்க, அதையே நம்ம இட்லிப் பானையில பண்ணலாம், சொல்லப்போனா இட்லிப் பானைதான் இதுக்கு இன்னும் சௌகரியம்னு எனக்கு தோணுது. 25 சதவீத க்ரீம் 200 மில்லி, பால் 100 மில்லி, டிகாஷன் 50 மில்லி மூணையும் சேர்த்து சூடு பண்ணி, 100 கிராம் சாக்லேட்டை நொறுக்கி அதுல போட்டு கரைச்சு, மூணு மஞ்சக்கருவும் ரெண்டு ஸ்பூன் சக்கரையும் நுரை வராம கலக்கினதுல இதை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, வடிகட்டி சின்னக் கிண்ணங்கள்ல விட்டு, ஒவ்வொண்ணையும் ஃபாயில் போட்டு மூடி, இட்லித் தட்டு மேல வெச்சு சிம்முல 15லேர்ந்து 20 நிமிஷம். தண்ணி தளதளன்னு கொதிக்கக்கூடாது, லேசா ஆவி வந்தா போதும், சூடு கூடினா முட்டை திரிஞ்சு ஓட்டை ஓட்டையா வந்துரும். இட்லிப் பானை மூடிக்கு ஒரு துணி கட்டிட்டா ஆவித்தண்ணி சொட்டாது. கிண்ணத்தை ஆட்டினா நடுவுல மட்டும் தயிர் மாதிரி தளும்பணும், அப்போ இறக்கிருங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சா கெட்டியாயிரும்.

இது சாக்லேட்டும் காபியும் சரிசமமா வர்ற டெசர்ட், பட்டு மாதிரி இருக்கும், அடிக்க பீட்டர் மெஷின் வேண்டாம், ஓவன் வேண்டாம், முட்டையும் வெந்துருது, ரெண்டு நாள் முன்னாடியே பண்ணி வெக்கலாம். முட்டை சாப்பிடுற வீடா இருந்தா, ஆறு பேருக்குள்ளன்னா, நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்லுவேன். 14 பேருக்கு இட்லிப் பானையில மூணு தடவை வெக்கணும், 14 கிண்ணம் வெக்க அந்த ஃப்ரிட்ஜ்ல இடம் வேணும், அதோட பாட்டி. இந்த வீட்டுக்கு இது ஆகல, எனக்கே வருத்தமா இருந்துச்சு.

அஃபோகாத்தோ பத்தியும் சொல்லணும். நல்ல வெனிலா ஐஸ்க்ரீம் ஒரு உருண்டை, மேல சுடச்சுட கெட்டி டிகாஷன், மேல டார்க் சாக்லேட் சீவல். அந்தப் பேருக்கு மூழ்கினதுன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷ வேலை, சிக்கரி கலந்த டிகாஷனும் இதுல நல்லா இருக்கும், ஏன்னா பாலும் சக்கரையும் ஐஸ்க்ரீம்ல இருக்கே. திடீர்னு நாலு பேர் வந்துட்டா இதுதான் என் கை மருந்து, டம்ளரை ஃப்ரீஸர்ல வெச்சு எடுத்து, மேசையில அவங்க கண்ணு முன்னாடியே டிகாஷனை ஊத்தினீங்கன்னா பாக்கவும் அவ்வளவு அழகா இருக்கும். 14 பேருக்கு மட்டும் சரிப்பட்டு வராது, கடைசி ஆளுக்கு ஊத்துறதுக்குள்ள முதல் ஆளுக்கு பாயசமாயிரும், நீங்களும் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட முடியாது.

கடைசியா மூஸ், நுரை மாதிரி லேசா அடிச்சு பண்ற சாக்லேட் டெசர்ட். இதுல ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் ரெண்டு வேற டெசர்ட்னே சொல்லலாம்.

முதல் வழி, வேற எதையாவது நுரையா அடிச்சு சாக்லேட்ல சேர்க்குறது. பழைய பிரெஞ்சு முறையில முட்டை வெள்ளைக்கருவை நுரையா அடிச்சு உருகின சாக்லேட்ல மெதுவா மடிச்சு சேர்ப்பாங்க. லேசா, மேகம் மாதிரி இருக்கும், ஆனா வெள்ளைக்கரு பச்சை. முட்டை வேண்டாம்னா க்ரீமை அடிச்சு சேர்ப்பாங்க, நம்ம ஊர்ல பெரும்பாலும் இந்த முறைதான். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 25 சதவீத க்ரீம் எவ்வளவு நேரம் அடிச்சாலும் நிக்காது, நான் ஒரு தடவை அரை மணி நேரம் அடிச்சு கை வலிச்சதுதான் மிச்சம், க்ரீம் நுரைச்சு நிக்கணும்னா 30 சதவீதத்துக்கு மேல கொழுப்பு வேணும். பால்ல இருந்து வராத விப்பிங் க்ரீம் பேக்கரிக் கடையில கிடைக்கும், அது வெயில்லயும் ஓரளவு நிக்கும், ஆனா அதுலயே சக்கரை இருக்கு, வாசனை இருக்கு, கொழுப்பும் தாவரக் கொழுப்பு, நீங்க பாத்துப் பாத்து வாங்கின சாக்லேட்டையும் இறக்கின டிகாஷனையும் அது அமுக்கிரும். அதுல பண்ணின மூஸ் சாப்பிட்டா பிறந்தநாள் கேக் மேல இருக்குற க்ரீம் ஞாபகம்தான் வரும்.

ரெண்டாவது வழி, எர்வே தீஸ்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் 1995ல சொன்னது. சாக்லேட் ஷாந்தியி. முட்டை இல்ல, க்ரீம் இல்ல, பால் இல்ல, வெண்ணெய் இல்ல. சாக்லேட்டும் தண்ணியும் மட்டும். முதல்ல படிச்சப்போ நான் நம்பவே இல்ல, ஏன்னா சாக்லேட்ல ஒரு சொட்டு தண்ணி பட்டாலே திரிஞ்சு மண்ணு மாதிரி ஆயிரும்னுதான் எல்லாரும் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது பாதி உண்மைதான். ஒரு சொட்டு பட்டா சாக்லேட்ல இருக்குற சக்கரையும் கோகோவும் அந்த ஈரத்தைப் பிடிச்சுட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதான் திரியுது. தாராளமா தண்ணி ஊத்தினா அந்தப் பிரச்சினையே இல்ல, எல்லாம் கரைஞ்சு மினுமினுன்னு சாஸ் மாதிரி வந்துரும். இப்போ யோசிச்சுப் பாருங்க, க்ரீம்ங்கறது என்ன, தண்ணிக்குள்ள பால் கொழுப்பு துளித்துளியா மிதக்குறது. சாக்லேட்டைத் தண்ணியில கரைச்சா அதுவும் தண்ணிக்குள்ள கோகோ பட்டர் துளித்துளியா மிதக்குறதுதான். அப்போ க்ரீமைக் குளிர வெச்சு அடிச்சா நுரைச்சு நிக்கிற மாதிரி இதையும் ஐஸ் மேல வெச்சு அடிச்சா நிக்கணுமே, நிக்குது!

அந்தத் தண்ணி இருக்கே, அது தண்ணியாத்தான் இருக்கணும்னு என்ன கட்டாயம்? டிகாஷன் ஊத்தலாமே. அவர் தண்ணிக்கு பதிலா வேற எந்த வாசனையான திரவமும் ஊத்தலாம்னுதான் சொல்றார். எனக்கு இந்த இடத்துலதான் மனசு நின்னுருச்சு. மத்த எல்லா டெசர்ட்லயும் காபி கூட ஒரு வாசனைக்கு வருது, இதுல அந்த டிகாஷன்தான் சாக்லேட்டை நிக்க வெக்கிற பாதி, அது இல்லன்னா டெசர்ட்டே இல்ல. நடுவுல வந்து ருசியை மழுங்கடிக்க பால் கொழுப்பும் கிடையாது, அதனால ஸ்பூனை வாயில வெச்ச உடனே முதல்ல சாக்லேட், அப்புறம் அது கரைய கரைய காலையில ஃபில்டர் மூடியைத் திறக்கும்போது வருமே அந்த வாசனை.

அளவு சொல்றேன். 65 சதவீதம் வர்ற மாதிரி கலந்த சாக்லேட் 200 கிராம், முதல் டிகாஷன் 90 மில்லி, தண்ணி 60 மில்லி, ரெண்டு சிட்டிகை உப்பு. முழுக்க டிகாஷனே ஊத்தினா ரொம்ப உக்கிரமா இருக்கு, ராத்திரி நேரத்துல பெரியவங்களுக்கு தூக்கமும் போயிரும், அதான் தண்ணி. எல்லாத்தையும் ஒண்ணா ஒரு பாத்திரத்துல போட்டு, கொதிக்கிற தண்ணி மேல வெச்சு கட்டி இல்லாம கரையவிடுங்க. பெரிய பேசின்ல ஐஸும் தண்ணியும், அதுமேல இந்தப் பாத்திரம், எவர்சில்வரா இருந்தா சீக்கிரம் குளிரும். விஸ்க்கோ பீட்டரோ வெச்சு அடிங்க. முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே நடக்காது, தண்ணியாவே இருக்கும், பயப்படாதீங்க, அப்புறம் திடீர்னு கலர் வெளுத்து கெட்டிப்பட ஆரம்பிக்கும், விஸ்க்கோட தடம் மேல நின்னா உடனே ஐஸ்ல இருந்து எடுத்துருங்க. அந்த இடத்துல பத்து செகண்ட் தாமதிச்சாலும் இறுகி மணல் மணலா ஆயிரும்.

ஆனா இதுல பெரிய நிம்மதி என்னன்னா, தப்பானா தூக்கிப் போட வேண்டாம். இறுகிருச்சா, மறுபடி உருக்கி மறுபடி அடிங்க. ரொம்ப நேரமாகியும் நிக்கலையா, கொழுப்பு பத்தலன்னு அர்த்தம், 30 கிராம் சாக்லேட் கூடப் போட்டு உருக்கி மறுபடி அடிங்க. எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணலாம். முதல் தடவையா விசேஷத்துக்கு ஒண்ணு பண்றவங்களுக்கு இந்த ஒரு குணமே போதும், திராமிசு க்ரீம் திரிஞ்சாலோ கஸ்டர்ட் ஓட்டை விழுந்தாலோ திரும்ப சரி பண்றது கஷ்டம். 55 சதவீத சாக்லேட் மட்டும்தான் கிடைச்சுதுன்னா திரவத்தை 120 மில்லியில நிறுத்திக்கோங்க, அதுல கொழுப்பு கம்மி, சக்கரை ஜாஸ்தி. காம்பவுண்ட்ல இதைப் பண்ணவே பண்ணாதீங்க, சாக்லேட்டும் டிகாஷனும் மட்டும் இருக்குற டெசர்ட்ல ஒளிஞ்சுக்க இடமே இல்ல.

குறையே இல்லையான்னா, இருக்கு. க்ரீம் போட்ட மூஸ் மாதிரி மெத்துனு இருக்காது, சாக்லேட் ருசி நேரா அடிக்கும், பால் சாக்லேட் மட்டும் சாப்பிட்டுப் பழகின குழந்தைங்களுக்கு பிடிக்காம போகலாம், அவங்களுக்கு பக்கத்துல ஒரு ஸ்பூன் ஐஸ்க்ரீம் வெச்சுருங்க. ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள் இருந்தா இறுகிரும், அதனால அன்னிக்கு சாயங்காலமே பண்ணி, பரிமாறுறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி வெளிய எடுக்கணும். அடிச்ச உடனே கிண்ணத்துல போட்டுரணும், அஞ்சு நிமிஷம் விட்டா கெட்டியாகி ஸ்பூன்ல எடுத்தா முரடா வரும். அதனால 14 பேருக்கு ஒரே தடவையா 400 கிராம் போடாம 200, 200னு ரெண்டு தடவையா அடிக்கச் சொன்னேன், ஒரு தடவைக்கு ஏழு பேர், ஆளுக்கு 50 கிராம். பாக்க கம்மியா தெரியும், ஆனா அவ்வளவுதான் சாப்பிட முடியும். கணக்குப் போட்டா ஆளுக்கு சுமாரா 10 கிராம் சக்கரை வரும், ஒரு குலாப் ஜாமூனோட பாத்தா பெரியப்பாவுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல.

எதுல பரிமாறுறதுன்னு கேட்டா. கண்ணாடிக் கிண்ணம் 14 ஒரே மாதிரி இல்லையாம். பாட்டி பீரோல குழந்தைங்களுக்கு சீர் வந்த வெள்ளி டம்ளர்லாம் இருக்குமே, சின்னச் சின்னதா, அதை எடுத்துத் தேய்ச்சு வைன்னு சொன்னேன். முட்டை போட்ட டெசர்ட்டா இருந்தா இதை சொல்லியிருக்க மாட்டேன், முட்டையில இருக்குற கந்தகம் பட்டா வெள்ளி கறுத்துரும். இதுல முட்டையே இல்ல. வெள்ளி சட்டுனு குளிர்ந்துரும், ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டுல கூட வரிசையா நிக்கும், இடப் பிரச்சினையும் தீர்ந்துச்சு. 25ஆவது வருஷத்துக்கு வெள்ளியை விட வேற எது பொருத்தமா இருக்கும். மேல அலங்காரத்துக்கு கோகோ பவுடர் சலிச்சுத் தூவி, வறுத்த காபிக்கொட்டை ஒண்ணே ஒண்ணு, போதும். செர்ரி, சாக்லேட் சாஸ் கோடு, கலர் ஸ்ப்ரிங்கிள்ஸ் எதுவும் வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்.

கரன்ட் போயிருமோன்னு அவளுக்கு ஒரு பயம். பீட்டர் இல்லாம கையாலயே நாலஞ்சு நிமிஷத்துல வந்துரும், ஐஸ் மட்டும் முந்தின நாளே ரெண்டு மூணு தட்டு உறைய வெச்சு கவர்ல சேர்த்து வெச்சுக்கோன்னு சொன்னேன். முக்கியமா, விசேஷத்துக்கு நாலு நாள் முன்னாடி 100 கிராம்ல ஒரு தடவை பண்ணிப் பாத்துரச் சொன்னேன், அந்த "இப்போ நிறுத்தணும்"ங்கற நொடியை எழுதிக் காட்ட முடியாது, ஒரு தடவை கண்ணால பாத்தாதான் கை பழகும். அவ ரெண்டு தடவை பண்ணிப் பாத்தா, முதல் தடவை இறுகிருச்சுன்னு போன் பண்ணினா, உருக்கி மறுபடி அடின்னேன், வந்துருச்சு.

அன்னிக்கு ராத்திரி போட்டோ அனுப்பினா. வாழையிலைச் சாப்பாடு முடிஞ்சு வெத்தலை பாக்குக்கு முன்னாடி, தாம்பாளத்துல 14 வெள்ளி டம்ளர், மேல ஒவ்வொரு கொட்டை. பாட்டி, இதுல நிஜமாவே முட்டை இல்லையான்னு மூணு தடவை கேட்டுட்டுத்தான் வாங்கினாங்களாம், அப்புறம் இது நம்ம வீட்டு டிகாஷன் வாசனையால்ல இருக்குன்னு சொன்னாங்களாம். ரெண்டு டம்ளர் மிச்சமாம். அதை மறுநாள் காலையில கொதிக்கிற பால்ல ஒவ்வொண்ணா போட்டுக் கலக்கி, மேல கொஞ்சம் புது டிகாஷன் விட்டு சித்தியும் சித்தப்பாவும் குடிச்சிருக்காங்க. இத்தாலியில தூரின் ஊர்ல பிச்செரின்னு ஒண்ணு உண்டு, காபியும் சாக்லேட்டும் பாலாடையும் சின்ன கிளாஸ்ல அடுக்கா ஊத்தித் தர்றது, கிட்டத்தட்ட அதேதான். சித்தப்பா இப்போ வாரத்துக்கு ஒரு நாள் அதைக் கேக்குறாராம், அதுக்காக 100 கிராம் சாக்லேட்டும் 50 மில்லி டிகாஷனும் 25 மில்லி தண்ணியும் உருக்கி, அடிக்காமலே ஒரு பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கா.